தடைப்பட்டியல் 4,000 ஆன பிறகும் வைரஸ் மெயில் ஏன் வருகிறது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 60 பேர் வேலை செய்கிறோம். மெயில் சர்வர் எங்களுடையதுதான்: லினக்ஸ், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அதைப் பெட்டிகளில் வைத்துத் தரும் டவ்காட். கூடவே ஸ்பாமை வடிகட்டும் ஸ்பாம்அசாசினும் வைரஸ் தேடும் கிளாம்ஏவியும் ஓடுகின்றன. மூன்று மாதமாக 'இன்வாய்ஸ் இணைத்துள்ளோம்', 'உங்கள் பார்சல் நிலுவையில் உள்ளது' என்று ஜிப் கோப்போடு மெயில்கள் குவிகின்றன. தினமும் காலையில் அனுப்பியவரின் முகவரியையும் ஐபி எண்ணையும் தடைப்பட்டியலில் சேர்ப்பதுதான் என் முதல் வேலை. பட்டியல் 4,000ஐத் தாண்டிவிட்டது, மெயில் குறையவில்லை. போன வாரம் கணக்குப் பிரிவில் ஒருவர் ஒரு ஜிப்பைத் திறந்துவிட்டார். அவருடைய கணினியை முழுக்க அழித்து விண்டோஸை மறுபடி போட்டேன். அந்த மெயிலைக் கிளாம்ஏவி சுத்தமானது என்று விட்டிருக்கிறது. சில மெயில்கள் எங்கள் சொந்த டொமைனிலிருந்தே வருவது போலத் தெரிகின்றன. மேலாளர் 'எல்லா இணைப்புகளையும் தடுத்துவிடு' என்கிறார். அப்படிச் செய்தால் வேலையே நடக்காது. நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:

நண்பருக்கு வணக்கம்.

சர்வரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் கணக்குப் பிரிவுக் கணினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்றைக்கே முடிக்க வேண்டிய வேலை. விண்டோஸை மறுபடி போட்டது சரி. ஆனால் அது கணினிக்குள் இருந்ததைத்தான் அழித்திருக்கும். அதற்குள் வெளியே போய்விட்டதைத் திருப்பிக் கொண்டுவராது. இப்படி இணைப்பாக வரும் நிரல்களில் பல, திறந்த சில நிமிடங்களிலேயே பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும் மெயில் கணக்கின் கடவுச்சொல்லையும் எடுத்து அனுப்பிவிடும். நீங்கள் கடவுச்சொல் மாற்றியதாக எழுதவில்லை. அவர் அந்தக் கணினியில் பயன்படுத்திய எல்லாவற்றையும், மெயில், வங்கி, கணக்கு மென்பொருள் என்று ஒன்று விடாமல், வேறொரு கணினியிலிருந்து மாற்றச் சொல்லுங்கள். வேறெங்காவது திறந்து கிடக்கும் அவருடைய உள்நுழைவுகளையும் வெளியேற்றிவிடுங்கள். அவருடைய மெயில் பெட்டியில் யாரும் போடாத ஃபார்வர்டு விதி ஏதாவது முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. எமோடெட் என்ற நிரல் 2014இல் வங்கி விவரங்களைத் திருடுவதற்காகக் கிளம்பியது. பிற்பாடு அது பாதித்த கணினியிலிருந்து பழைய மெயில்களையும் அள்ளிக்கொண்டு போய், அந்த உரையாடல்களுக்கே பதில் எழுதுவது போலப் புது வைரஸ் மெயில்களை அனுப்ப ஆரம்பித்தது. 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதன் சர்வர்களைக் கைப்பற்றின. அதே ஆண்டு நவம்பரில் அது திரும்பி வந்துவிட்டது. அந்த உத்தியை மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே, அவரோடு வழக்கமாக எழுதிக்கொள்ளும் வாடிக்கையாளர்களுக்கு, பழைய மெயிலுக்குப் பதில் போல ஏதாவது இணைப்பு வந்தால் திறக்க வேண்டாம் என்று ஃபோனில் சொல்லிவிடுங்கள். அதே ஜிப் வேறு யார் பெட்டியிலாவது திறக்கப்படாமல் கிடக்கிறதா என்று லாகில் (சர்வரின் மெயில் பதிவேட்டில்) தேடி எடுத்துவிடுங்கள்.

சரி, இனி சர்வர்.

காலையில் நீங்கள் செய்வது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. அனுப்புநர் என்று மெயிலில் தெரியும் முகவரியை யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். உறையின் பின்புறம் எழுதும் பெயரைப் போலத்தான் அது. ஐபி எண் பொய்யில்லை. ஆனால் அது குற்றவாளியின் வீட்டு எண்ணும் இல்லை. ஏதோ ஒரு ஊரில் தெரியாமல் பாதிக்கப்பட்ட ஒருவருடைய கணினி, அல்லது கடவுச்சொல் திருடப்பட்ட ஒரு நல்ல நிறுவனத்தின் மெயில் கணக்கு. இன்று வந்த எண்ணிலிருந்து நாளை அவர்கள் உங்களுக்கு அனுப்பப் போவதில்லை. அந்த 4,000 வரிகளில் பெரும்பாலானவை இனி ஒருபோதும் எதையும் தடுக்காது. ஒரு சிலதோ, என்றைக்காவது ஓர் உண்மையான வாடிக்கையாளரின் மெயிலைத் தடுக்கும். அந்தப் பட்டியலை ஓர் ஓரமாகச் சேமித்துவிட்டுச் சர்வரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஐபியை வைத்துத் தடுப்பது பயனில்லாத வேலை என்று சொல்லவில்லை. அதைத் தனி ஆளாக, ஒரு நாள் தாமதமாகச் செய்வதில்தான் பயனில்லை. ஸ்பாம்ஹவுஸ் போன்றவர்கள் உலகம் முழுக்கப் பார்த்துக் கணத்துக்குக் கணம் புதுப்பிக்கும் பட்டியலைப் போஸ்ட்ஃபிக்ஸ் நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாம். அவர்களுடைய ஜென் பட்டியலில், மெயில் அனுப்பவே கூடாத வீட்டு இணைய எண்களும் அடங்கும். அது மட்டுமே பெரும் பகுதியை வாசலிலேயே நிறுத்தும். அலுவலகப் பயன்பாட்டுக்கான அவர்களுடைய நிபந்தனைகளை முதலில் படித்துக்கொள்ளுங்கள். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: சர்வரின் டிஎன்எஸ்ஸாக (பெயர்களையும் இந்தப் பட்டியல்களையும் தேடித் தரும் சேவை) கூகுளின் பொது டிஎன்எஸ்ஸை வைத்திருந்தால் ஸ்பாம்ஹவுஸ் சரியான விடை தராது, ஒரு பிழைக் குறியீட்டைத்தான் திருப்பி அனுப்பும். அந்தக் குறியீட்டையே 'பட்டியலில் இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு எல்லா மெயிலையும் மறுத்த சர்வர்களும் உண்டு. சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த டிஎன்எஸ் தேடியை ஓடவிட்டு, அதன்பின் இதைச் செய்யுங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியின் மையம் இது இல்லை. எந்தப் பட்டியலையும் தாண்டிச் சில மெயில்கள் வரத்தான் செய்யும். அப்போது 'யார் அனுப்பினார்' என்பதை விட்டுவிட்டு 'என்ன அனுப்பினார்' என்று கேளுங்கள். உங்கள் கணக்குப் பிரிவில் யாருக்காவது, என்றைக்காவது, ஓடக்கூடிய ஒரு நிரல் மெயிலில் வர வேண்டிய தேவை இருக்கிறதா? கிடையாது. அப்படியானால் அது வைரஸா இல்லையா என்று ஆராய்வதே வீண் வேலை. அந்த வகையே வேண்டாம்.

இது புதிய யோசனையும் இல்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகத்தையே முடக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் வந்த ஒரு விபிஎஸ் கோப்புதான், அதாவது விண்டோஸில் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட். பெயரின் நடுவில் டிஎக்ஸ்டி, கடைசியில் விபிஎஸ். விண்டோஸ் கடைசி ஒட்டை (எக்ஸ்டென்ஷனை) மறைத்துவிட்டதால் சாதாரண எழுத்துக் கோப்பு போலத் தெரிந்தது. ஜிமெயில் வெகுகாலமாகவே இஎக்ஸ்இ போன்ற நிரல் கோப்புகளை ஏற்பதில்லை. 2017 பிப்ரவரியில் ஜேஎஸ் கோப்புகளையும் அதில் சேர்த்தது. அவ்வளவு பெரிய சேவையே கோப்பின் வகையைப் பார்த்து மறுக்கிறது என்றால், 60 பேர் அலுவலகம் அதைச் செய்யத் தயங்க வேண்டியதில்லை.

மறுக்க வேண்டியவை: இஎக்ஸ்இ, எஸ்சிஆர், எம்எஸ்ஐ, பேட், சிஎம்டி, ஜேஎஸ், விபிஎஸ், டபிள்யூஎஸ்எஃப், ஹெச்டிஏ, பிஎஸ்1, ஜார், எல்என்கே, அப்புறம் ஐஎஸ்ஓ, ஐஎம்ஜி, விஹெச்டி போன்ற வட்டுப் பிம்பங்கள் (ஒரு வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் அடக்கிய ஒற்றைக் கோப்புகள்). கடைசி மூன்றும் எல்என்கேயும் (ஷார்ட்கட் கோப்பு) ஏன் என்று கேட்பீர்கள். இணையத்திலிருந்து வரும் ஆஃபீஸ் கோப்புகளில் மேக்ரோக்களை (ஆவணத்துக்குள்ளேயே இருந்து ஓடும் சிறு நிரல்களை) இயல்பாகவே தடுக்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. அதுவரை வேர்டு, எக்ஸெல் மேக்ரோக்களை நம்பிப் பிழைத்தவர்கள் வட்டுப் பிம்பங்களுக்கும் ஷார்ட்கட் கோப்புகளுக்கும் நகர்ந்தார்கள். 2023 தொடக்கத்தில் ஒன்நோட் கோப்புகளுக்குத் தாவினார்கள். ஒரு கதவை அடைத்தால் அடுத்ததைத் தேடுவார்கள். அதனால்தான் நான் தடை செய்ய வேண்டியவற்றை எண்ணுவதைவிட, அனுமதிக்க வேண்டியவற்றை எண்ணச் சொல்வேன். ஒரு மாத லாகை எடுத்து, உங்களுக்கு உண்மையில் என்னென்ன வகை இணைப்புகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பிடிஎஃப், டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ், படங்கள், கொஞ்சம் ஜிப் என்று அநேகமாக ஒரு கைக்குள் அடங்கிவிடும். அவை வரட்டும். மறுக்க வேண்டியவை என்று மேலே சொன்னவை வாசலிலேயே திரும்பட்டும். இரண்டிலும் சேராதவை குவாரன்டைனில் (பெறுநருக்குப் போகாமல் தனியே நிறுத்தி வைக்கும் இடத்தில்) காத்திருக்கட்டும். நீங்கள் பார்த்து விடுவியுங்கள். விடுவிக்கும் பொத்தானைப் பெறுநரிடம் கொடுக்காதீர்கள். ஹெச்டிஎம்எல் இணைப்புகளையும் இந்தக் காத்திருக்கும் வரிசையில் வையுங்கள். அவற்றில் பல, கடவுச்சொல் பறிக்கும் போலி உள்நுழைவுப் பக்கங்கள்.

பெயரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். போஸ்ட்ஃபிக்ஸின் மைம் தலைப்பு விதிகளில் (இணைப்பின் பெயரையும் வகையையும் சொல்லும் வரிகளைப் பார்ப்பவை) ஒரு வரி எழுதினாலே இஎக்ஸ்இ என்று முடியும் இணைப்பை மறுத்துவிடலாம். நல்ல தொடக்கம்தான், ஆனால் அது ஜிப்புக்குள் எட்டிப் பார்க்காது. பெயரை மாற்றி அனுப்பினால் ஏமாறும். உள்ளடக்கத்தின் முதல் சில எழுத்துகளே கோப்பின் உண்மையான வகையைச் சொல்லிவிடும்: விண்டோஸ் நிரல் எம், இசட் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும், ஜிப் பி, கே என்று தொடங்கும். அமாவிஸ், ஆர்ஸ்பாம்டி என்ற மெயில் வடிகட்டிகள் இரண்டுமே உள்ளடக்கத்தை வைத்து வகையை அறியும். ஜிப்பின் உள்ளேயும் பார்க்கும். புதிதாக அமைப்பதானால் நான் ஆர்ஸ்பாம்டியைத் தேர்ந்தெடுப்பேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது கிளாம்ஏவி ஏன் விட்டுவிட்டது என்பது. அது பெரும்பாலும் ஏற்கெனவே பார்த்த அடையாளங்களைத் தேடும் கருவி. ஒவ்வோர் அலைக்கும் கோப்பைச் சற்றே மாற்றி அனுப்புகிறார்கள்; அடையாளம் வந்து சேருவதற்கு முன் மெயில் வந்துவிடுகிறது. அதைவிட முக்கியமான காரணம், அந்த ஜிப்புக்குக் கடவுச்சொல் இருந்திருக்கலாம். மெயிலிலேயே 'கடவுச்சொல்: 1234' என்று எழுதியிருப்பார்கள். மனிதர் படித்துத் திறந்துவிடுவார், ஸ்கேனரால் முடியாது. திறக்க முடியாத பெட்டிக்குள் அது எதையும் பார்க்கவில்லை, அதனால் எதுவும் இல்லை என்று சொல்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சர்வருக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். கடவுச்சொல் போட்ட கோப்புகளைக் கண்டால் எச்சரிக்கும் வசதி கிளாம்ஏவி அமைப்பில் இருக்கிறது. இயல்பாக அது அணைந்தே இருக்கும். மேக்ரோ உள்ள ஆவணங்களை எச்சரிக்கும் வசதியும் அப்படித்தான். பழைய டாக், எக்ஸ்எல்எஸ் வகைகளில் மேக்ரோ இருப்பது பெயரிலிருந்து தெரியாது என்பதால் அது மிகவும் தேவை. இரண்டையும் இயக்கி, அகப்படுவதைக் குவாரன்டைனுக்கு அனுப்புங்கள்.

ஒரு நல்ல செய்தி: சாதாரண ஜிப்பில் கடவுச்சொல் போட்டாலும் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் மறைவதில்லை. உள்ளே ஒரு ஜேஎஸ் இருக்கிறது என்பதைப் பூட்டைத் திறக்காமலே படிக்கலாம், மறுக்கலாம். 7இசட், ரார் வகைகளில் பெயர்களையும் மறைக்க முடியும். அப்படி வந்தால் யோசிக்காமல் நிறுத்துங்கள்.

கோப்பு அளவு வரம்பையும் பாருங்கள். தனக்குக் கொடுத்த அளவு வரம்பைத் தாண்டிய கோப்பைக் கிளாம்ஏவி முழுக்க ஸ்கேன் செய்யாமலே சுத்தம் என்று சொல்லிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் ஏற்கும் மெயில் அளவைவிடக் கிளாம்ஏவியின் வரம்பு குறைவாக இருந்தால் அது ஒரு திறந்த சந்து. வெற்றுத் தகவலால் ஊதிப் பெருக்கிய வைரஸ் கோப்புகள் வருவது இந்தச் சந்துக்காகத்தான்.

எங்கே மறுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மெயிலை ஏற்றுக்கொண்ட பிறகு 'உங்கள் மெயிலில் வைரஸ்' என்று திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்புநர் முகவரி பொய் என்பதால் அந்தத் திருப்பி அனுப்பல் சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில் விழும். கொஞ்ச நாளில் உங்கள் சர்வரே தடைப்பட்டியலில் ஏறும். சத்தமில்லாமல் அழிப்பதும் வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்துக்கொண்ட ஒரு சர்வரில் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒருவர் ஒப்பந்த ஆவணங்களை ஜிப்பில் அனுப்பியிருக்கிறார். அனுப்பிவிட்டோம் என்று அவர்கள் நிம்மதியாக இருக்க, வரவில்லையே என்று எங்கள் ஆள் காத்திருக்க, கடைசித் தேதி கடந்துபோனது. அதற்கு நான்தான் பொறுப்பு; இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. மெயில் வந்து சேரும் அந்த உரையாடலிலேயே, இன்னும் ஏற்றுக்கொள்ளாத நிலையிலேயே 550 என்ற நிரந்தர மறுப்புக் குறியீட்டோடு மறுத்துவிடுங்கள். உண்மையான அனுப்புநராக இருந்தால் அவருடைய சர்வர் அவருக்குத் தகவல் சொல்லும். போலியாக இருந்தால் அது அங்கேயே முடிந்துவிடும். ஆர்ஸ்பாம்டி மில்டராக (மெயில் வரும்போதே போஸ்ட்ஃபிக்ஸ் கேட்கும் வடிகட்டியாக) இணைவதால் இப்படிச் செய்வது அதில் இயல்பு. நான் அதை முன்னே வைத்ததற்குக் காரணம் இதுதான். அமாவிஸைப் பெரும்பாலும் மெயிலை ஏற்ற பிறகு வடிகட்டுவதாகவே அமைத்திருப்பார்கள். உங்களுடையது எப்படி என்று பாருங்கள். மறுப்பு வாசகத்தில் 'இந்த வகைக் கோப்பை ஏற்பதில்லை, இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று மனிதர்களுக்குப் புரியும்படி எழுதுங்கள்.

ஸ்பாம்அசாசின் ஒரு மெயிலை ஸ்பாம் என்று குறிக்கும் மதிப்பெண் வரம்பு இயல்பாக 5. வைரஸ் மெயில் வருகிறதென்று அதை 3 ஆக இறக்க மனம் தூண்டும். செய்யாதீர்கள். நல்ல மெயில்கள் ஸ்பாமில் விழ ஆரம்பிக்கும், ஆட்கள் ஸ்பாம் பெட்டியைத் தினமும் கிளறிப் பழகிவிடுவார்கள். அப்புறம் அங்கே இருக்கும் வைரஸையும் திறப்பார்கள். இணைப்பு வேண்டுமா வேண்டாமா என்பது மதிப்பெண் போட்டு முடிவு செய்கிற விஷயம் இல்லை.

சந்தேகமான மெயில்களை மட்டும் சில நிமிடம் தாமதப்படுத்தும் கிரேலிஸ்டிங் இதற்கு நல்ல துணை. 'பிறகு வா' என்று சொன்னால் அவசரக்கார ஸ்பாம் நிரல்கள் பல திரும்பி வருவதில்லை. வந்தாலும் அதற்குள் புதிய அடையாளங்கள் வந்து சேர வாய்ப்புண்டு. எல்லா மெயிலுக்கும் போட்டால் ஓடிபிக்குக் காத்திருப்பவர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள்.

அடுத்து, உங்கள் டொமைனிலிருந்தே வருவது போன்ற மெயில்கள். உங்கள் சர்வரை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். லாகில் அவை வெளியிலிருந்து வந்ததா என்று முதலில் பாருங்கள். வெளியிலிருந்து, உள்நுழையாமல், அனுப்புநர் இடத்தில் உங்கள் டொமைனைப் போட்டுக்கொண்டு வரும் எதையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஒன்றைச் செய்துவிட்டு இதை இயக்குங்கள்: உங்கள் பெயரில் நியாயமாக மெயில் அனுப்பும் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். செய்திமடல் சேவை, சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள், மெயில் அனுப்பும் ஸ்கேனர். எப்போதும் ஒன்று மறந்துபோகும். எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து) இரண்டையும் சரியாக வைத்து, டிமார்க்கை (இந்த இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் விதி) முதலில் வெறும் கண்காணிப்பு நிலையில் விட்டு, சில வாரம் வரும் அறிக்கைகளைப் படித்த பிறகு மறுக்கும் நிலைக்கு மாற்றுங்கள். மேலாளரின் பெயரைப் போட்டு வேறேதோ இலவச முகவரியிலிருந்து வரும் மெயிலை இவை எதுவும் பிடிக்காது. அதற்கு, வெளியிலிருந்து வரும் மெயில் ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'வெளியிலிருந்து' என்று ஒரு குறி சேர்ப்பது உதவும்.

இரண்டாவது எம்எக்ஸ் சர்வர் (உங்கள் டொமைனுக்கு வரும் மெயிலை வாங்கும் சர்வர்) ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதிலும் இதே வடிகட்டிகள் வேண்டும். ஸ்பாம் அனுப்புகிறவர்கள் காவல் குறைந்த பின்வாசலைத் தேடி வேண்டுமென்றே அங்கே வருவார்கள். தேவையில்லை என்றால் அதை எடுத்துவிடுவதே மேல்.

சர்வர் எவ்வளவு சரியாக இருந்தாலும், பிடிஎஃப்புக்குள் ஒரு சுட்டியை வைத்து அனுப்பினால் கோப்பு வகைத் தடையால் பயனில்லை. அதற்குக் கணினிகளைத்தான் தயார் செய்ய வேண்டும். குரூப் பாலிசியில் (எல்லா விண்டோஸ் கணினிகளின் அமைப்பையும் ஒரே இடத்திலிருந்து மாற்றும் வசதி) ஜேஎஸ், விபிஎஸ், ஹெச்டிஏ கோப்புகளை இருமுறை சொடுக்கினால் நோட்பேடில் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். பத்து நிமிட வேலை. அதன் பிறகு ஒருவர் திறந்தாலும் புரியாத எழுத்துகள்தான் வரும், நிரல் ஓடாது. கோப்பு ஒட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள், இணையத்திலிருந்து வந்த மேக்ரோக்களை முற்றிலும் தடுங்கள், அன்றாட வேலைக்கு யாருக்கும் நிர்வாகி உரிமை வேண்டாம்.

மேலாளரிடம் 'முடியாது' என்று போய் நிற்காதீர்கள். அவருடைய பயம் நியாயமானது. ஒரு மாதம் வந்த இணைப்புகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு போங்கள். இவ்வளவு வகைகள் நமக்குத் தேவையே இல்லை, அவற்றை நிறுத்துகிறேன், இவை மட்டும் வரும் என்று காட்டுங்கள். அபூர்வமாக ஒரு நிரல் கோப்பு உண்மையிலேயே தேவைப்பட்டால் அதை உங்கள் கோப்புப் பகிர்வு சர்வரில் ஏற்றச் சொல்லலாம்.

அந்தக் கணக்குப் பிரிவு ஊழியரை யாராவது கடிந்துகொண்டிருந்தால், நீங்கள் அவர் பக்கம் நில்லுங்கள். இன்வாய்ஸைத் திறப்பது அவருடைய வேலை. நாள் முழுக்க அதைத்தான் செய்கிறார். அது அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நம்முடைய வேலை. இன்று அவருக்குத் திட்டு விழுந்தால், அடுத்து தவறிச் சொடுக்குகிறவர் வாயைத் திறக்க மாட்டார். நமக்குத் தெரிய நாள்கணக்கில் ஆகும். உடனே சொன்னால் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கணினியை எடுத்துக்கொள்ளலாம். சந்தேகமான மெயிலை அனுப்பிக் கேட்க ஒரு முகவரியை உருவாக்கிக் கொடுங்கள், கேட்டவருக்கு அன்றே பதில் எழுதுங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு சோதித்துப் பாருங்கள். ஐகார் என்று ஒரு சோதனைக் கோப்பு இருக்கிறது: 68 எழுத்து, எந்தத் தீங்கும் செய்யாது, அநேகமாக எல்லா வைரஸ் ஸ்கேனரும் அதை வைரஸ் என்றே சொல்லும். அதை நாலு விதமாக உங்களுக்கே அனுப்புங்கள்: நேரடியாக, ஜிப்புக்குள், ஜிப்புக்குள் ஜிப்பாக, கடவுச்சொல் போட்ட ஜிப்பாக. ஐந்தாவதாக, வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றுக்கு ஜேஎஸ் என்று பெயர் வைத்து அதையும் ஜிப்பில் அனுப்புங்கள். பொது மெயில் சேவைகள் பல இவற்றை அனுப்பவே விடாது. வெளியில் உள்ள ஒரு கணினியிலிருந்து ஸ்வாக்ஸ் என்ற மெயில் சோதனைக் கருவியால் உங்கள் சர்வரோடு நேரடியாகப் பேசுங்கள். முதல் மூன்றும் ஐந்தாவதும் வாசலிலேயே மறுக்கப்பட வேண்டும், நாலாவது குவாரன்டைனில் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று பெட்டிக்குள் வந்துவிட்டால், அந்த மெயிலுக்கான லாக் வரிகளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்த வாசல் திறந்திருந்தது என்று சேர்ந்து பார்ப்போம்.